புகைபோக்கிக்கு நான் காட்டிய ஊதுபத்தி

அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள்: நான், என் மனைவி சுதா, சுதாவின் அண்ணன் ரவி, ஐந்து மாதக் கர்ப்பிணியான அவன் மனைவி மலர், புதுவீட்டுக்குப் பால் காய்ச்ச வந்த ஐயர். இருந்திருக்க வேண்டிய ஒருவர் இல்லை. அவர் கமின்பேகர், புகைபோக்கியைத் துடைத்துச் சோதிக்கிறவர். (அவருக்குக் காசு கொடுக்க வேண்டும். ஐயருக்கும்தான், ஆனால் ஐயர் புண்ணியக் கணக்கு.)

சுவிஸின் வின்டர்தூரில் ரவி வாங்கிய பழைய வீட்டின் நிலவறையில் இரண்டு காஸ் கருவிகள் இருந்தன. வீட்டைச் சூடாக்கும் பெரிய பொய்லர் ஒன்று, குளிக்கச் சுடுதண்ணீர் தரும் சின்னது ஒன்று. இரண்டுக்கும் ஒரே புகைபோக்கி. பெரியதைக் கழற்றி எறிந்துவிட்டுக் கரண்டில் ஓடும் ஹைசுங், அதாவது வீடு சூடாக்கி, போட்டிருந்தான் ரவி. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால், பயப்படுவதற்குப் படிப்பு எதற்கு?

"மச்சான், பெரிசு போனால் புகைபோக்கி சூடேறாது. சின்னதின்ர புகை மேல போகாமல் வீட்டுக்குள்ள திரும்பினால்?"

"உனக்கு லிப்டுக்கும் பயம், மைக்ரோவேவுக்கும் பயம். சரி, நீயே பார்த்துச் சொல்லு. கமின்பேகருக்கு என்னத்துக்குத் தெண்டம் கட்டுவான்?"

கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் அந்தக் குடும்பம் எனக்குக் கொடுத்த முதல் பொறுப்பு. சுடுதண்ணீரைத் திறந்துவிட்டு, கருவியின் தலைப்பக்க இடைவெளியில் ஊதுபத்தியைப் பிடித்தேன். புகை சமர்த்தாக உள்ளே ஏறியது.

"பாஸ்!" என்று கத்தினேன்.

பிறகு சொன்னார்கள்: யன்னல்களைப் பூட்டி, குசினி விசிறியை ஓடவிட்டுத்தான் அப்படிப் பார்க்க வேண்டுமாம், விசிறி வீட்டுக் காற்றை இழுக்கையில் புகை கீழே திரும்புகிறதா என்று. நானோ செத்துவிடுவேனோ என்ற பயத்தில், இருந்த யன்னல் கதவெல்லாம் திறந்து வைத்திருந்தேன்.

நச்சுக்காற்றுக்குக் கத்தும் கருவியொன்றும் வாங்கி மாட்டியிருந்தேன். பால் காய்ச்சுகிற நாள் வந்தது.

"ஐயர் தணல் போட்டுச் சாம்பிராணி பிடிக்க அது கத்தும். பற்றரியைக் கழட்டடா," என்றான் ரவி. கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டேன்.

வெளியே பனி. யன்னல்கள் பூட்டு. எல்லோரும் முறை வைத்துச் சுடுதண்ணீரில் தலை முழுகினோம். மலர் வடை சுட, புகை உறிஞ்சும் விசிறி முழு வேகத்தில் ஓடியது.

"அண்ணை, தலை சுத்துது," என்றாள் மலர் என்னிடம்.

"விரதமெல்லே, பசிதான்," என்றாள் சுதா.

ஐயர் ஒரே மந்திரத்தை மூன்றாம் தரம் தொடங்கினார். "நாவூறு," என்றான் ரவி. "புதுவீடெண்டால் சனத்துக்குப் பொறுக்குமோ?"

என் மண்டையும் பிளந்தது. வாழ்நாள் முழுக்கப் பயந்தவன், பயம் தேவைப்பட்ட அந்த ஒரு நாளில் வெட்கப்பட்டுக்கொண்டு நின்றேன். வியர்வை துடைக்கக் கைலேஞ்சியைத் தேடினால் கையில் பற்றரி அகப்பட்டது. கொண்டுபோய்க் கருவியில் போட்டேன். அது கத்திய கத்தலில் ஐயர் மணியைத் தவறவிட்டார்.

"வெளியில ஓடுங்கோ!" என்று நானும் கத்தினேன்.

பனிக்குள் வெறும் மேலோடு ஐயர். எண்ணெய்க் கரண்டியோடு மலர். தெருவெல்லாம் தீயணைப்பு வண்டி. பிறகு ஆஸ்பத்திரி, முகமூடி, ஒட்சிசன். இன்னும் அரை மணித்தியாலம் உள்ளே இருந்திருந்தால் என்று தொடங்கிய டொக்டர், மலரின் வயிற்றைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

தீயணைப்புக்காரரின் பில்லை ரவி என்னிடமே நீட்டினான். "பாஸ் எண்டவன்தானே கட்டவேணும்." கடைசியில் ஆளுக்குப் பாதி என்று முடிவாகி, முழுவதையும் நான் கட்டினேன்.

இப்போது அவர்கள் வீட்டில் மெழுகுதிரி கொளுத்தினாலும் மலரின் மகள் கேட்கிறாள்: "மாமா, ஊதுபத்தி பிடிச்சுப் பாத்தனீங்களோ?" எல்லோரும் சிரிக்கிறார்கள். அன்று ஆறாவதாக அந்த வீட்டில் யார் இருந்தது என்று அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை. நானும் சேர்ந்து சிரிக்கிறேன்.

ரவி தரவேண்டியது இன்னும் அறுநூற்று நாற்பது பிராங்.