ஒன்றாம் எண் துப்பாக்கி கோப்பை வாங்கிய விவரம்

பாலாரட்,
திங்கள்கிழமை

அன்புள்ள தம்பி லயலுக்கு,

அக்கா டல்சி எழுதிக்கொண்டது. நானும் உன் அத்தானும் நலம். உன் நலமும் மோய்ராவின் நலமும் உன் இடுப்பு வலியின் நிலவரமும் எழுது. மேலே மரியாதையாக இன்னும் நாலு வரி எழுத வேண்டும், ஆனால் அடக்க முடியவில்லை. கோப்பை எனக்கு! அப்பா தன் ஜோடித் துப்பாக்கிகளை நமக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்தபோது என்ன சொன்னார்? பழந்துப்பாக்கிக்காரர்கள் கூட்டத்தில் யார் முதலில் கோப்பை வாங்குகிறார்களோ, இரண்டும் அவர்களுக்கே என்றார். ஆகவே ஞாயிற்றுக்கிழமை வந்து உன் இரண்டாம் எண்ணை எடுத்துக்கொள்கிறேன். துடைத்து வை.

போன கதையைக் கேள். வெயிலோ கொளுத்துகிறது, அங்கே பழங்காலக் கம்பளிக் கோட்டு இல்லாமல் போனால் ஒருத்தரும் மதிக்கமாட்டார்கள், அதனால் வீட்டிலிருந்தே முழு வேஷத்தில் கிளம்பினேன், பாதி மேட்டில் வண்டி கொதித்து நின்றது, உன் அத்தான் மூடியைத் திறந்தார், ஆவி அடித்த அடியில் அவருடைய கண்ணாடி பள்ளத்துக்குள் போய்விட்டது, அப்புறம் ஒரு ஆட்டு லாரி வந்தது, முன்சீட்டில் டிரைவரின் நாய் உட்கார்ந்துகொண்டு இடம் தரமாட்டேன் என்றது, நாங்கள் பின்னால் ஆடுகளோடு நின்றுகொண்டே போனோம், ஒரு கிடா என் தொப்பியின் இறகைத் தின்றுவிட்டது. துப்பாக்கிப் பெட்டியை மட்டும் நான் விடவில்லை.

கூட்டத் தலைவர் மெர்வின் வாசலிலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

“என்ன டல்சி, ஆட்டோட வந்திருக்கே? இங்க சுடுறது களிமண் தட்டும்மா.”

“தட்டை விடச் சொல்லுங்க மெர்வின். மத்ததை அப்புறம் பேசிக்கலாம்.”

பறந்து வந்த தட்டுகளைச் சுட்டு உடைத்ததில் கடைசியில் அவரும் நானும் சமம். எனக்கு மிச்சம் ஒரே தட்டு, தரையில் முயல் மாதிரி குதித்து ஓடும் தட்டு. சுட்டேன். நாம் போடுவதோ அந்தக் காலத்துக் கருமருந்து, ஒரே புகை. உடைந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை, எல்லாரும் புகை விலகக் காத்து நின்றோம். கண்ணாடி இல்லாத உன் அத்தான் மட்டும் “உடைஞ்சிருச்சு, நான் பாத்தேன்” என்று கத்தினார். ஒருத்தரும் நம்பவில்லை. காற்று வந்தது. புல்லில் சில்லுச் சில்லாகக் கிடந்தது லயல், எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சூட்சுமமெல்லாம் குழலில்தான் இருக்கிறது. உன்னுடையதைக் கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம் என்று நான் எப்போதும் சொல்வேனே, இப்போதாவது ஒத்துக்கொள்.

மோய்ராவுக்கு என் அன்பு. ஆண்டவர் உன் இடுப்பைச் சீக்கிரம் நேராக்கட்டும்.

உன் அக்கா,
டல்சி

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் துப்பாக்கியைத் துடைக்கலாம் என்று கழற்றினேன். பிடியின் கட்டையில் ஒன்று என்று இருக்கிறது. குழலில் இரண்டு என்று இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு உன் மேசையில் இரண்டையும் பிரித்துப் போட்டு, சண்டை போட்டுக்கொண்டே துடைத்தோமே, அப்போது மாறியிருக்கிறது. ஜோடியாகச் செய்தவை, ஒன்றின் குழல் மற்றதில் சத்தமில்லாமல் பொருந்திவிட்டது. அன்றிலிருந்து உனக்கு ஒரு தட்டும் விழவில்லை என்று மோய்ரா சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தேன். அது என் குழல். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம்தான். ஆனால் இவ்வளவு சந்தோஷமாக இன்னொரு தடவை எழுத வராது, அப்படியே அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை உன் குழலோடு வருகிறேன். கோப்பைக்கும் ஒரு இடம் பார்த்து வை.