அழியாத நாற்பது மூட்டை

1944-ஆம் ஆண்டு, ஆனி மாதத்து முதல் வெள்ளிக்கிழமை. வழக்கம்போல் விடியுமுன் எழுந்தேன், கிணற்றடியில் குளித்தேன், சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன், கூழ் குடித்தேன், தர்மபுரித் தானியக் கிடங்குக்குக் கிளம்பினேன். அங்கே நான் குமாஸ்தா. வேட்டியின் மடிப்பை அடிக்கோல் வைத்துச் சரிபார்க்கிற இளைஞன் (சிரிக்க வேண்டாம், அந்த அடிக்கோல் இன்னும் இருக்கிறது). ஒழுங்கு மிஞ்சினால் அதுவும் ஒரு வியாதிதான்.

யுத்த காலம். தானியத்தைப் பதுக்குகிறார்கள் என்று ஊரெல்லாம் புகார். ஆகவே, கிடங்கின் இருப்பை ஜனங்கள் பார்க்கும்படி வாசலில் பலகையில் எழுதிவைக்க வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு வந்திருந்தது. வேறொருவராயிருந்தால் சாக்பீஸால் கிறுக்கியிருப்பார். நானோ, மழையில் அழிந்துவிடுமே என்று புதன்கிழமையே வெள்ளைப் பெயிண்டில் எழுதிவிட்டேன். 'ராகி இருப்பு: 40 மூட்டை.' நூல் பிடித்து எழுதிய எழுத்து. தாசில்தாரே ஜட்காவை நிறுத்திப் பார்த்து, "பேஷ்" என்றார். என் கால் தரையில் பாவவில்லை.

இரண்டே நாளில் நாற்பது மூட்டையும் விற்றுத் தீர்ந்தது. பலகையில் மட்டும் தீரவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் வத்தல்மலையிலிருந்து சடையன் என்ற குடியானவர் வெறும் கோணிப்பையோடு இறங்கி வந்தார்.

"ராகி வேணுமுங்க."

"தீந்து போச்சப்பா."

"பலகையில இருக்குதுன்னு சந்தைக்கு வந்தவங்க சொன்னாங்களே."

"அது முந்தாநாள் எழுதினது."

"இப்பக்கூட வாசல்ல ஒருத்தரப் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டுத்தானுங்க உள்ள வந்தேன். நாப்பதுங்கறாரு."

கதவைத் திறந்து காட்டினேன் (வேறு சமாதானம் தோன்றவில்லை). உள்ளே ஒரு பூனை படுத்திருந்தது. சடையன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதையும் பலகையில எழுதிப் போடுங்க."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. படியில் உட்கார்ந்துவிட்டார்.

"பொண்டாட்டி புள்ள பெத்துக் கெடக்கறா. வூட்ல வெதைக்கு வெச்ச ராகி மட்டுந்தான் இருந்துது. சர்க்கார் பலகையாச்சே, பொய் சொல்லுமான்னு நேத்து அதையும் அரைச்சுக் கூழு காச்சிட்டமுங்க. மழை பேஞ்சிருக்குது. எதைங்க வெதைக்கறது?"

வீட்டுக்கு ஓடினேன். விஷயத்தைக் கேட்ட என் மனைவி, பானையிலிருந்ததை அப்படியே மூட்டை கட்டிக் கொடுத்தாள். மூச்சு வாங்கக் கொண்டுவந்து நீட்டினேன். சடையன் முடிச்சை அவிழ்த்து, கைவிட்டுப் பார்த்தார்.

"நல்லாருங்க. அவளுக்குக் கூழுக்கு ஆவும்." மறுபடியும் முடிந்துகொண்டார். "மாவுங்களே இது. மொளைக்காதுங்களே."

அதில் கோபமே இல்லை. அந்த ஆனியில் அவருடைய காட்டில் விதை விழுந்ததா என்று எனக்குத் தெரியாது. அவர் திரும்ப வரவில்லை. மலைக்கு ஏறிப்போய்க் கேட்கிற தைரியமும் எனக்கு இருந்ததில்லை.

இன்றைக்கும் அரிசிப் பானை காலியானால் என் மனைவி, "ஏனுங்க, பலகையில நாப்பது மூட்டை இருக்குதே, கொண்டாங்க" என்பாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். பெயிண்டையும் பூனையையும் அவர்களுக்குச் சொல்லியிருக்கிறோம். விதையைப் பற்றி இரண்டு பேருமே சொன்னதில்லை.

அந்த வெள்ளிக்கிழமைக்கு மறுநாள் காலை நான் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கவில்லை. முதல் வேலையாகக் கிடங்குக்குப் போய், உடைந்த கண்ணாடிச் சில்லால் அந்த நாற்பதைச் சுரண்டி எடுத்தேன். 'இருப்பு இல்லை' என்று சாக்பீஸால் எழுதினேன். எழுத்து கோணலாகத்தான் வந்தது.