இடியண்ணையும் தீர்த்தம் குடித்த ஹெட்போனும்

ஜேர்மனியில் நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு ஹெவி மெட்டல் கேட்கிற தமிழர் ஒரே ஒருவர்தான். அவர் கொலோனில் இருக்கிற இடியண்ணை. இன்னொருவர் இருக்கிறார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த ஆளும் இடியண்ணை வீட்டுக்குத் தேத்தண்ணி குடிக்கப் போய் மாட்டுப்பட்டவராகத்தான் இருப்பார். நான் மாட்டுப்பட்ட கதை இது.

கிழமை நாட்களில் அவருக்கு வெதுப்பகத்தில் வேலை. சனி, ஞாயிறில் எங்கள் ஆட்களின் விழாக்களுக்கு ஒலி அமைப்பு. ஒரு பெண்பிள்ளை பெரியபிள்ளையான சாமத்தியவீட்டில் ஸ்பீக்கரைச் சோதிக்கிறேன் என்று ஒரு பாட்டைத் திறந்துவிட்டார் பாருங்கள், பலகாரத் தட்டோடு மேடைக்கு வந்த அக்காமார் தட்டோடு வாசலுக்குப் போய்விட்டார்கள். மண்டபத்துக்குப் பொறுப்பான ஜேர்மன்காரர் மட்டும் ஓடிவந்து பாட்டின் பெயரை எழுதிக்கொண்டு போனார். பிள்ளையின் தகப்பன் பாய்ந்தபோது, "இதைத் தாங்கின ஸ்பீக்கர் உங்கட மச்சானின்ர வாழ்த்துரையையும் தாங்கும்" என்றார் அமைதியாக. அன்றைக்கு வைத்த பெயர்தான் இடியண்ணை. சொந்தப் பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

பான் நகரில் என் வீட்டிலும் இதே சத்தம் கேட்கிற ஒருத்தி இருந்தாள், என் மகள் பிரவீணா. ஒருநாள் சாப்பிடக் கூப்பிட்டது அவளுக்குக் கேட்கவில்லை. "என்ன பேய்ச் சத்தம் இது!" என்று தலையிலிருந்த ஹெட்போனைப் பிடுங்கினேன். அது இரண்டு துண்டாக என் கையில் வந்தது. அதற்குப் பிறகு மூன்று கிழமையாக அவளிடமிருந்து "ஓம்", "இல்லை" இரண்டும்தான் எனக்குக் கிடைத்த தமிழ். ஒக்டோபரில் மியூனிக்குக்குப் படிக்கப் போகிறாள். இப்படியே போய்விடுவாளோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இடியண்ணைக்குப் போன் எடுத்தேன். "புதுசு ஒண்டு வாங்கிக் குடுக்கப்போறன் அண்ணை. அடித்தொனி, பேஸ் கூடினது நல்லம்தானே?"

"ஐயோ, அதை வாங்கிப்போடாதையும்! பேஸ் கூடினா கிட்டாரெல்லாம் குழைஞ்ச சோறு. சனிக்கிழமை பத்து மணிக்கு டெர்மின் தாறன், வந்து கேட்டுப் பாரும். பிள்ளை கேக்கிற பாட்டு என்னெண்டு சொல்லும்."

பேசாத பிள்ளையிடம் பாட்டின் பெயரை எப்படிக் கேட்பது? அவள் அறைக் கதவில் ஒட்டியிருந்த ஏதோ ஒரு பாட்டுக் குழுவின் மண்டையோட்டுப் படத்தைப் போனில் பிடித்து அனுப்பினேன். "ஆ, நல்ல பிள்ளை" என்று பதில் வந்தது.

சனிக்கிழமை கதவைத் திறந்தவர் என் தலையைப் பார்த்து அலறிவிட்டார். "ஐசே, எண்ணெய் வைச்சுக்கொண்டே வந்தனீர்?"

சனிக்கிழமை எண்ணெய் வைப்பது எனக்கு ஊரிலிருந்து வந்த பழக்கம். ஆனால் ஹெட்போன் பஞ்சுக்கு எண்ணெய் ஆகாதாம். அவருடைய குளியலறையில், அவருடைய ஷாம்பூவில், இரண்டு தரம் முழுகிய பிறகுதான் உள்ளே விட்டார்.

மேசையில் பதினொரு ஹெட்போன். எல்லாவற்றிலும் அந்த மண்டையோட்டுக் குழுவின் பேர்போன ஒரே பாட்டு. முதல் மூன்றில் எனக்குக் கேட்டது, தகரக் கூரையில் யாரோ தேங்காய் கொட்டுகிற சத்தம்.

"காலால அடிக்கிற ட்ரம்மை எண்ணும்" என்றார். "ஒவ்வொரு அடியும் தனித்தனியா விழவேணும். எண்ண ஏலாட்டி அது கூடாத சாமான்."

நான்காவது நன்றாகத்தான் கேட்டது. ஆனால் வெளியாலும் கேட்குமாம், மியூனிக் விடுதியில் பக்கத்து அறையோடு சண்டை வருமாம். தள்ளிவைத்தார். அடுத்ததை மாட்டி, "இப்ப தலையை ஆட்டும்" என்றார். ஐம்பத்திரண்டு வயதில் ஆட்டினேன். ஹெட்போன் பறந்துபோய் சோபாவில் விழுந்தது. "சரிவராது" என்று கொப்பியில் எழுதிக்கொண்டார். என்னைப் பற்றி எழுதினாரோ, ஹெட்போனைப் பற்றி எழுதினாரோ தெரியாது.

ஒன்பதாவது அவர் தினமும் பாவிப்பது. அதில் அடிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. பாட்டின் நடுவில் எல்லாச் சத்தமும் சட்டென்று நின்று, ஒரு கிட்டார் மட்டும் தனியே அழுதது. எனக்கு என்னவோ செய்தது. அவர் என் முகத்தைப் பார்த்து, "விளங்கியிட்டுது. இதே சாமானை வாங்கும்" என்றார்.

வாங்கினேன். வாங்கியவன் சும்மா இருந்தேனா? கார் வாங்கினாலும் முதலில் ஊன்ட்றொப் கோயில் அம்மனிடம் கொண்டுபோகிற ஆள் நான். தேங்காய், பழம், நடுவில் ஹெட்போன். ஐயர் பெயர், நட்சத்திரம் கேட்டார். "பிரவீணா, ரோகிணி" என்றேன். அர்ச்சனை முடிந்ததும் சந்தனப் பொட்டு வைத்து, என் கையாலேயே தீர்த்தமும் தெளித்தேன், காருக்குத் தெளிக்கிற அளவில். வீட்டுக்கு வந்து பார்த்தால் இடப்பக்கம் ஊமை. பிள்ளை போக இரண்டு நாள். பொட்டு வைத்த சாமானைக் கடைக்காரன் திருப்பி எடுப்பானா?

போனில் விஷயத்தைக் கேட்ட இடியண்ணை வேலை முடிந்த கையோடு, மாப் படிந்த சட்டையோடு ரயிலில் வந்தார். "அரிசி ஊறப்போடுறதைக் கண்டிருக்கிறன். ஹெட்போனை ஊறப்போட்ட ஆள் நீர்தான்!" என்று வாசலிலேயே ஏசினார். "காயவைச்சுக் கொண்டுவாறன்" என்று எடுத்துப் போனார். அடுத்த நாள் கொண்டுவந்தார். இரண்டு பக்கமும் அருமையாகப் பாடியது.

பிரவீணா மாட்டிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கேட்டாள். "இது நல்லதெண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"உன்ர பாட்டைப் போட்டுப் பாத்தனான். நடுவில எல்லாம் நிண்டு கிட்டார் தனிய அழுமே, அது இதிலதான் வடிவாக் கேட்டது."

என்னையே பார்த்தாள். "அந்த இடம் உங்களுக்கும் பிடிச்சதோ, அப்பா?"

அப்பா! நான் அழுதேவிட்டேன், எனக்கென்ன வெட்கம். அவள் என் கண்ணைத் துடைத்துவிட்டு ஹெட்போனைத் திருப்பிப் பார்த்தாள். "இதில என்ன, திருநீறு?"

மேற்பட்டியின் மடிப்பில் வெள்ளையாகப் படிந்திருந்தது. நான் வைத்த சந்தனப் பொட்டைக் காணவில்லை. உடனே போன் எடுத்தேன்.

"அண்ணை, இது உங்கட சாமானெல்லோ! என்ரதை நீங்கள் வைச்சிருக்கிறியளோ?"

"கத்தாதையும். எனக்கு ஒரு பக்கம் கேட்டாலே காணும். மற்றக் காதால மனிசி சொல்லுறதைக் கேக்க வேணுமே" என்று வைத்துவிட்டார். அவருக்குப் புதிது ஒன்று வாங்கிக்கொண்டு போனேன், அவர் கதவைத் திறக்கவில்லை. உள்ளே பாட்டு மட்டும் கேட்டது.

இப்போது ஊன்ட்றொப் போனால் எனக்கு இரண்டு அர்ச்சனை. ஒன்று மகளுக்கு. இரண்டாவதுக்கு ஐயர் பெயர், நட்சத்திரம் கேட்பதை விட்டுவிட்டார். "இடியண்ணை நாமதேயஸ்ய" என்று அவரே தொடங்கிவிடுவார். அந்த மனிதரின் இரண்டு காதுகளும் நல்லாயிருக்க வேண்டும் தாயே என்று நான் கும்பிட்டுக்கொள்வேன்.