பெறாமகனைச் சந்தேகித்த கதை

தெரியாத சொல்லுக்கு அர்த்தம் கேட்பது மானக்கேடு என்று நினைத்த வயதில், நான் ஒரு நல்ல மனிதனைக் கொலைகாரனாக்கினேன். அதுவும் அவர் இருந்த வீட்டிலேயே, அவர் எடுத்துத் தந்த ரோல்ஸ் பலகாரத்தைத் தின்றுகொண்டு.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. கொழும்பு கொட்டாஞ்சேனையில் வீடு, துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் கம்பனியில் கிளார்க் வேலை. பக்கத்து மேசையில் பவானி இருந்தாள். யாழ்ப்பாணத்துப் பெண், வெள்ளவத்தையில் அப்பா அம்மாவோடு இருந்தாள். அவளுடைய அப்பா ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் என்றும், மாதத்தின் முதல் ஞாயிறு பின்னேரம் வீட்டில் வாசிப்பு வட்டம் நடத்துகிறார் என்றும் ஒருநாள் சொன்னாள். எனக்கு வாசிப்பு என்றால் உயிர் என்று உடனே சொல்லிவிட்டேன். (அந்த வருடம் நான் முழுதாக வாசித்தது கோயில் கலண்டரை மட்டும்தான்.) உண்மையில் என் உயிர் பக்கத்து மேசையில் இருந்தது. அதை அவளிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. முதலில் அப்பாவைக் கவருவோம் என்று கணக்குப் போட்டேன்.

அந்த மாதப் புத்தகம் ஒரு கிராமத்துக் கொலை நாவல். யாழ்ப்பாணத்துச் சுருட்டு முதலாளி ஒருவர் கிணற்றில் பிணமாக மிதக்கிறார். ஊரில் எல்லோருக்கும் அவர்மேல் கோபம். வட்டத்தின் விதி, கடைசி அத்தியாயத்தை வாசிக்காமல் வந்து கொலைகாரன் யாரென்று ஒவ்வொருவரும் காரணத்தோடு சொல்லவேண்டும். அதன்பிறகு மாஸ்டர், அதாவது பவானியின் அப்பா, கடைசி அத்தியாயத்தை உரத்து வாசிப்பார்.

நான் இரண்டாம் அத்தியாயத்திலேயே ஆளைப் பிடித்துவிட்டேன். முதலாளி வீட்டில் ஒருவன் சும்மா இருந்து சாப்பிடுகிறான். நாவல் அவனை 'பெறாமகன்' என்றது. எங்கள் வீட்டில் யாரும் பாவிக்காத சொல். ஆனால் இதில் விளங்காமல் என்ன இருக்கிறது? பெறாத மகன். அதாவது எங்கேயோ கிடந்ததை எடுத்து வளர்த்த பிள்ளை. இரத்தபாசம் இல்லை, சொத்து இருக்கிறது, அந்த வீட்டில் கல்யாணமாகாத மகளும் இருக்கிறாள். அந்தச் சொல் வந்த இடமெல்லாம் சிவப்புப் பேனையால் கோடு போட்டேன்.

ஞாயிறு பின்னேரம் இரண்டு பஸ் மாறி, இஸ்திரி போட்ட ஷேர்ட்டோடு போய்ச் சேர்ந்தேன். கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையில் வீடு. பின்னால் ரயில் பாதை. கதவைத் திறந்தது நல்ல உயரமான ஓர் இளைஞன்.

மாஸ்டர் அறிமுகப்படுத்தினார். "இவர் குகன், என்ரை பெறாமகன். எங்களோடைதான் இருக்கிறார்."

அதன்பிறகு நாவலைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை, குகன் எடுத்துத் தந்த ரோல்ஸைத் தின்றபடி அவனைத்தான் கவனித்தேன். கேட்காமல் ஃபிரிட்ஜைத் திறந்தான். பவானி அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவளுடைய தட்டிலிருந்து பாதி ரோல்ஸை அவன் எடுத்தபோது அவள் கையைத் தட்டிவிடக்கூட இல்லை. மாஸ்டரை அவன் 'சித்தப்பா' என்றான். வளர்த்தவரை அப்பா என்று கூப்பிட மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை என்று அதையும் குறித்துக்கொண்டேன். இவனை மாப்பிள்ளையாக்கத்தான் வளர்த்திருக்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. என் நெஞ்சு எரிந்தது, பொறாமைதான்.

என் முறை வந்தது. எழும்பி நின்றேன். (வேறு யாரும் எழும்பவில்லை.)

"கொலை செஞ்சது பெறாமகன்தான் அங்கிள். பெத்த பிள்ளயா இல்லாத ஒருத்தன் வீட்டோட இருந்தா சும்மா இருக்கமாட்டான். ஒண்டு சொத்த அடிப்பான், இல்லாட்டி பொம்பிளப் பிள்ளய மடக்குவான்."

அந்த நேரம் பார்த்து பாணந்துறை ரயில் போனது. மாஸ்டர் கையை உயர்த்தி, ரயில் முழுதாகப் போகும்வரை காத்திருந்தார். பிறகு சரியாகக் கேட்கவில்லை, திரும்பச் சொல்லும் என்றார். கடவுள் தந்த கடைசிச் சந்தர்ப்பம் அது. நானோ இன்னும் உரத்து, குகனைப் பார்த்தபடியே, அப்படிப்பட்டவர்களை வீட்டில் வைத்திருப்போர் கவனமாக இருக்கவேண்டும் என்ற புத்திமதியையும் சேர்த்துச் சொன்னேன்.

குகன் வாயில் இருந்ததை மெல்வதை நிறுத்தினான். பவானியின் அம்மாதான் மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, பெறாமகன் எண்டா ஆர் எண்டு நினைச்சனீங்கள்?"

"எடுத்து வளத்த பிள்ளதானே அன்ரி."

அன்ரி சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் விளக்கினார். பெறாமகன் என்றால் அண்ணன் தம்பியின் மகன், மகன் முறை. குகன், மாஸ்டரின் சொந்தத் தமையனுடைய பிள்ளை. பவானிக்கு ஆறு மாதம் மூத்தவன், வேலைக்காகக் கொழும்புக்கு வந்து நிற்கிறான்.

நான் வெட்கத்தில் தலைகுனிந்திருக்க வேண்டும். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் என் முகம் முழுக்கச் சிரிப்பு வந்துவிட்டது.

"அப்ப இவங்க ரெண்டு பேரும் அண்ணன் தங்கச்சியா?" என்றேன்.

மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். நாற்பது வருடம் பிள்ளைகளின் கள்ளக் கணக்குகளைப் பிடித்த மனிதர்.

"ஓம், அண்ணன் தங்கச்சிதான். அதிலை உமக்கென்ன இவ்வளவு சந்தோசம்?"

பவானி புத்தகத்தை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்தாள். அது தலைகீழாக இருந்தது. நான் வாய்விட்டுச் சொல்ல ஒரு வருடமாகத் தவித்த விஷயம், எட்டுப் பேர் முன்னிலையில் தானாக வெளிப்பட்டுவிட்டது.

அதோடு விட்டார்களா? மாஸ்டர் கடைசி அத்தியாயத்தை நிதானமாக வாசித்தார். கொலைகாரன், வெளியூரிலிருந்து வந்து, அந்த வீட்டில் நல்லபிள்ளைபோல் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த தபாலதிபர். எல்லோரும் என் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தார்கள். நான் அதை மெல்லக் கீழே வைத்தேன்.

நான் வேதக்காரன், அதாவது கிறிஸ்தவன், அவர்கள் சைவம். கல்யாணப் பேச்சு இரண்டு வருடம் இழுபட்டது. அந்த இரண்டு வருடமும் எனக்காக வழக்காடியவர் குகன்தான். "ஆள் மடையன் சித்தப்பா, ஆனா மனசிலை ஒண்டை வைச்சு மறைக்கத் தெரியாது. அப்பிடி ஒருத்தன் வேறை கிடைக்கமாட்டான்" என்று சொன்னாராம். அதைக் கேட்ட அன்று நான் அழுதேன். பவானி கடைசியில் என் மனைவியானாள். கல்யாண வீட்டில் என் அம்மாவிடம் தன்னை அறிமுகப்படுத்தும்போது, "நான்தான் கொலைகாரன் அன்ரி" என்றார் குகன். விஷயம் தெரியாத அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. என் மகளுக்குப் பிறந்ததிலிருந்தே அவர் கொலைகார மாமா. போன வருடம் ஒருநாள் பவானிக்கும் எனக்கும் வேலை முடியவில்லை என்று, பம்பலப்பிட்டியில் நேர்சரி விட்டதும் பிள்ளையைக் கூட்டிவர அவரைத்தான் அனுப்பினோம். பத்து நிமிடத்தில் டீச்சர் எனக்கு போன் எடுத்தார். யாரோ கொலைகார மாமா வந்திருக்கிறாராம், பிள்ளையே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறது, கேட்டைப் பூட்டி ஆளை உள்ளே இருத்தி வைத்திருக்கிறோம் என்றார். போனில் நான் சொன்ன எதையும் அவர் நம்பத் தயாராக இல்லை. லீவு போட்டுவிட்டு ஓடினேன். அடையாள அட்டையைக் காட்டி, ஒரு கொப்பியில் கையெழுத்து வைத்த பிறகுதான் உள்ளே விட்டார்கள்.

குகன் ஒரு சின்னக் கதிரையில் முழங்கால்கள் நாடியைத் தொட உட்கார்ந்திருந்தார். மடியில் என் மகள் சந்தோசமாக பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். காவலுக்கு இரண்டு டீச்சர்கள் பக்கத்தில் நின்றார்கள்.

"மச்சான்," என்றார், "என்ரை வழக்கு எப்பதான் முடியும்?"