கொத்தனாரை அனுப்ப வேண்டாம்

அன்பும் பொறுமையும் ஒருங்கே வாய்ந்த மைத்துனர் அவர்களுக்குத் தங்கள் தமக்கையின் கணவன், இறைவன் திருவடியை நெஞ்சில் இருத்தி எழுதிக்கொள்வது.

இங்கு நானும் தங்கள் தமக்கையும் நலம். என் இடுப்பெலும்பும் நலம். அதைத் தனியே குறிப்பிடுவதற்குக் காரணம், வழுக்கி விழுந்த நாள்முதல் அதுவும் நானும் ஒரே உடம்பில் தனிக்குடித்தனம் நடத்திவருகிறோம். அங்கு தாங்களும் இல்லத்தாரும் குறையின்றி வாழ வேண்டுகிறேன். நேற்றுத் தங்கள் மடல் கிடைத்தது. இவ்வீட்டின் உரிமையாளர் என்ற முறையில், என் படுக்கையறை மேற்கூரையில் படர்ந்துள்ள ஈரக்கறையைக் கொத்தி எடுத்து, புதிதாகப் பூசி வெள்ளையடிக்கத் திங்கட்கிழமை கொத்தனாரை அனுப்புவதாக எழுதியிருந்தீர்கள். படித்ததும் ஊன்றுகோல் கைநழுவிப் போயிற்று. மைத்துனரே, கொத்தனாரை அனுப்ப வேண்டாம். தங்கள் காலில் விழுந்து கேட்டிருப்பேன். மூத்தவன் இளையவர் காலில் விழலாகாது என்பது முறை; விழுந்தால் எழ முடியாது என்பது நடைமுறை.

குடியிருப்போர் உரிமையாளருக்கு எழுதும் மடல்கள் யாவும் ‘பழுது பார்த்துத் தருக’ என்றே முடியும். நானும் அவ்வாறு பன்முறை எழுதியவனே. ஒவ்வொரு முறையும் தாங்கள் “பாக்கலாம் அத்தான்” என்றீர்கள். அந்தப் ‘பாக்கலா’மின் உள்ளே எத்தகைய அருள் குடியிருந்தது என்பதை உணராமல், தங்களைப் பற்றித் தங்கள் தமக்கையிடம் சில சொற்கள் சொல்லியிருக்கிறேன், அவற்றை அவள் தங்களிடம் சேர்ப்பித்திருக்கவும் கூடும். பழம்புலவர்கள் வள்ளல்களை நாடிச் சென்று யானையும் பொன்னும் பெற்றார்கள், பெற்றபின் பாடினார்கள். தாங்களோ கொடாமலே கொடுத்த வள்ளல். தாங்கள் பழுது பார்க்காமல் விட்ட அந்த ஒரு செயலின்மையால்தான், இன்று என் பெயரில் ஒரு மாயக்கதை இரண்டு பாகங்களாக அச்சேறி, முகம் அறியாத பிள்ளைகளெல்லாம் ‘நீர்த்தீவின் அரசி கரை சேர்வாளா மாட்டாளா’ என்று எனக்குக் கடிதம் எழுதுகிறார்கள். மூன்றாம் பாகத்தின் முகப்பில் ‘புரந்தவர்’ என்று தங்களையே குறிப்பிட எண்ணியிருந்தேன். இந்நிலையில் புரந்தவரே கொத்தனாரை ஏவினால் புலவன் எங்கே போவான்?

நான் கற்பனைக்குப் பகைவனாகவே வளர்ந்தவன் என்பது தாங்கள் அறிந்ததே. நில அளவையாளனுக்குக் கற்பனை இருந்தால் ஊரில் கொலை விழும். இல்லாத ஓர் ஓடையை வரைபடத்தில் ஓடவிட்டுப் பாருங்கள், அண்ணனும் தம்பியும் மண்வெட்டியோடு நிற்பார்கள். இருக்கும் வரப்பை இருக்கும்படி வரைந்தேன். அதற்கே சம்பளம் தந்தார்கள். வீட்டிற்கு வந்தால் மறைநூலும் பழம்பாடலும். அவற்றிலும் உரையாசிரியர் சொன்னதற்கு மேல் ஒரு சொல்லையும் நானாகக் கூட்டியதில்லை. அப்படிப்பட்டவனைக் குளியலறையில் ஒரு சோப்புத்துண்டு சாய்த்துவிட்டது. ஆனை படுத்தாலும் ஆள்மட்டம் என்பார்கள். நான் படுத்தபோது பாய்மட்டம்கூட இல்லை. மல்லாந்து கிடக்க வேண்டும், புரளக் கூடாது என்றார் மருத்துவர். படுத்தபடியே மறைநூல் ஓதலாம் என்று கெட்டி அட்டை போட்ட பெரிய பதிப்பைத் தூக்கிப் பிடித்தேன். மூன்றாம் பாடலில் கை ஓய்ந்து அது என் மூக்கின்மேல் இறங்கிற்று. அதுகாறும் அந்நூல் என்னை அவ்வளவு ஆழமாகத் தொட்டதில்லை. நூலைத் தங்கள் தமக்கை எடுத்துப் போய்விட்டாள். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை. மேலே பார்த்தால் இறைவன் தெரிவான் என்று சிறுவயதில் சொல்லித்தந்தார்கள். பார்த்தேன். மேல்வீட்டுப் பல் டாக்டரின் குளியல்நீர் தெரிந்தது.

முதலில் அது வெறும் ஈரம். பிறகு ஒரு கரை தெரிந்தது. கரைக்குள் ஒரு விரிகுடா, அதில் ஆமை வடிவில் ஒரு தீவு, தீவின் ஓரம் பூச்சு பொரிந்து மலைத்தொடர், பாசி பிடித்த இடத்தில் காடு, உலர்ந்து வெளுத்த இடத்தில் பாலை. ஐந்திணையும் நான்கு முழத்துக்குள் அடங்கிக் கிடந்தன. நடுவே மின்விசிறி மாட்டிய கொக்கி ஓர் இரும்பு மலை. அதனடியில் மூன்று சிறகுள்ள ஒரு பெரும்பறவை ஓயாமல் பறக்கும், எங்கும் போய்ச் சேராது; மின்சாரம் போனால் மட்டும் உறங்கும். ஒரு பல்லி வந்தது. அந்த நிலப்பரப்பின் அளவோடு ஒப்பிட்டால் அது ஊர்களை விழுங்கும் நாகம் அன்றி வேறென்ன? தங்கள் தமக்கை துடைப்பத்தால் அதை விரட்டினாள். அன்றைய தினம் அங்கு ஒரு பேரூழி நேர்ந்ததாக நான் மனத்தில் குறித்துக்கொண்டேன்.

இதெல்லாம் மனத்தோடு போயிருக்கும். என் காலை மடக்கி நீட்ட வந்த பெண்தான் வெளியே இழுத்தாள். இயன்முறை மருத்துவம் படித்தவள். பார்க்கக் கொடி போல் இருப்பாள், பிடி மட்டும் கொல்லன் குறடு. நான் அலறுவேன்.

“ஐயா, இப்படிக் கத்தினீங்கன்னா தெருவுல போறவங்க என்ன நினைப்பாங்க? வேற எதையாவது பேசுங்க, வலி தெரியாது.”

“அதோ பாரும்மா, அந்தப் பல்லி எங்க போகுது தெரியுமா?”

“பூச்சி பிடிக்க.”

“இல்லை. இரும்பு மலைக்கு. அங்க இருக்கறவங்களுக்கு நிலம் மேல, வானம் கீழ. நாம அவங்க வானத்துல படுத்திருக்கோம்.”

“அப்ப நீங்க அவங்களுக்கு நட்சத்திரமா?”

“நான் கிரகணம். நீ வந்து குனிஞ்சதும் முழுக்க மறைஞ்சு போயிடறேன்.”

அவள் சிரித்துவிட்டாள். சிரித்தாளே ஒழியப் பிடியை விடவில்லை. “அப்புறம்?” என்றாள். “முதல்ல முட்டியை விடு” என்றேன். “நீங்க சொல்லுங்க, நான் விடறேன்” என்றாள். இவ்வாறு நாள்தோறும் வழக்காடி, ஒருபுறம் கதை நீண்டது, மறுபுறம் என் கால் நீண்டது. நான் எழுந்து உட்காரத் தொடங்கியதும் தாளும் எழுதுகோலும் கொண்டுவந்து வைத்தவளும் அவளே. “நாளைக்கு வேற வீட்டுக்கு என்னை மாத்திடுவாங்க. மீதிக் கதைக்கு நான் எங்க போறது?” என்றாள். அவளுக்கு நான் பட்டிருக்கும் கடன் தங்களுக்குப் பட்டிருப்பதற்குச் சற்றே குறைவு. அவள் காலை மட்டும் கொடுத்தாள், தாங்கள் உலகையே கொடுத்தீர்கள்.

எழுதி முடித்த முதல் பாகத்தை, வழிபாட்டு நூல்கள் வெளியிடும் பதிப்பாளர் ஒருவருக்கு அனுப்பினேன். ஓய்வுபெற்றபின் அவருக்குப் பிழை திருத்திக் கொடுத்துவந்தேன்; வேறு பதிப்பாளரை நான் அறியேன். அவர் தொலைபேசியில் அழைத்தார்.

“ஐயா, ஒரே மூச்சுல படிச்சேன். இது எந்தப் புராணத்துல வருது? நான் கேள்விப்பட்டதே இல்லையே!”

“எங்க வீட்டுக் கூரையில வருது.”

“கூரையிலயா? பரண்ல கிடந்த ஓலைச்சுவடியா?”

“காங்கிரீட்டுங்க.”

மறுமுனையில் தாள் புரட்டும் ஓசை கேட்டது. பின்னர், “சரி, போட்டுடுவோம்” என்றார். அன்று எனக்கு ஓர் அச்சம் பிடித்தது. வாய்மையே தலையாய அறம் என்று ஓதி வளர்ந்தவன் கட்டுக்கதை எழுதிப் பாவம் சேர்த்துக்கொண்டேனோ என்று பூசையில் அமர்ந்தும் நெஞ்சு அமரவில்லை. பிறகு தெளிந்தேன். நான் எதையும் கட்டவில்லை. கூரையில் இருந்ததை இருந்தபடி வரைந்தேன். இன்றும் நான் நில அளவையாளனே, நிலம்தான் தலைகீழ்.

இரண்டாம் பாகம் தொடங்கும் வேளையில் ஒரு பேரிடர். பல் டாக்டர் வெளியூர் போய்விட்டார். நாளொன்றுக்கு ஒரு விரற்கடையாக விரிகுடா வற்றியது. எனக்கும் ஒரு வரி ஓடவில்லை. அவர் திரும்பியதும் தங்கள் தமக்கையை அனுப்பிக் கீழே வரவழைத்தேன். வரும்போதே கைகூப்பினார்.

“ஐயா, மன்னிக்கணும். குழாய் ஒழுகறது தெரியும். சீக்கிரமே ஆளைக் கூப்பிடறேன்.”

“அதுக்கு ஒண்ணும் அவசரமில்லைங்க. ஒரு நாளைக்கு எத்தனை தடவை குளிப்பீங்க?”

டாக்டர் தங்கள் தமக்கையைப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்தாள்.

“ரெண்டு தடவை.”

“கொஞ்சம் கூட்ட முடியுமா?”

“ஐயா?”

“கிழக்குப் பக்கம் ஒரே வறட்சி. ஜனங்க ஆடு மாட்டை ஓட்டிக்கிட்டுக் கிளம்பிட்டாங்க. நீங்க ரெண்டு வாளி சேர்த்து ஊத்தினா திரும்பி வந்துடுவாங்க.”

டாக்டர் குரலைத் தாழ்த்தி, “அம்மா, ஐயாவுக்கு மாத்திரை ஏதும் மாத்தியிருக்காங்களா?” என்று கேட்டார். ஆயினும் பண்பாளர். நிச்சயம் கூடுதலாகக் குளித்திருக்க வேண்டும். சில நாளிலேயே கடல் பெருகிற்று. மேற்கே ஒரு புதிய தீபகற்பம் முளைத்தது, தெற்கே இரண்டு ஊர்கள் மூழ்கின. இரண்டாம் பாகம் முழுவதும் வெள்ளமாகவே ஓடிற்று. முதல் பாகத்தைவிட இதுவே மேல் என்று பதிப்பாளர் சொன்னார். அதுமுதல் டாக்டர் என்னைப் படிக்கட்டில் கண்டால் ஒதுங்கி நின்று வணங்குகிறார். படைப்பாளிக்குரிய மதிப்பை அறிந்த குடும்பம்.

இப்போது மூன்றாம் பாகம், கடைசி பாகம். நீர்த்தீவு அமிழ்ந்துவிட்டது. எஞ்சிய குடிகளை ஒற்றைப் படகில் ஏற்றிக்கொண்டு அரசி இரும்பு மலையை நோக்கி வருகிறாள். கறையின் விளிம்புக்கும் விசிறிக் கொக்கிக்கும் இடையே ஒரு சாண் இருக்கிறது. அந்த ஒரு சாணை நீர் கடந்தால் படகு சேரும். கடக்குமா, வேறு பக்கம் திரும்புமா என்பது எனக்குத் தெரியாது. கூரை சொன்னால்தான் எழுத முடியும். நேற்றைக்கு இன்று ஒரு நெல்முனை நகர்ந்திருக்கிறது. மண் அளந்தே பழுத்த கண் இது, பொய் சொல்லாது. இந்த வேளையில் உளி விழுந்தால் அரசி நடுக்கடலில் நிற்பாள். நான் நடுவீட்டில் நிற்பேன். அந்தக் கறை போய்விட்டால் நான் யார்? மாத்திரைக்குப் பத்தியம் இருக்கும் ஓர் ஓய்வூதியக்காரன். மைத்துனரே, எழுபதைத் தாண்டியபின் காலையில் கண்விழிக்க ஒரு காரணம் கிடைப்பது எளிதன்று. எனக்குக் கிடைத்திருக்கிறது. அது தங்கள் கூரையில் இருக்கிறது.

தங்களுக்கு எழுதியவள் தங்கள் தமக்கையே என்பதை அறிவேன். “உங்க ராஜ்ஜியத்தை அண்ணாந்து பாத்துப் பாத்து எனக்குக் கழுத்தே பிடிச்சுக்கிச்சு. வர்றவங்க போறவங்க என்ன வீடு இதுன்னு கேக்கறாங்க. வெள்ளையடிச்சா லட்சணமா இருக்கும்ல?” என்கிறாள். அவள் மேல் பிழையில்லை. உலகம் அழிவதைக் கண்டு அழகாக இருக்கிறது என்பவர்களும் உண்டு. தாங்கள் மட்டும் முன்போலவே ‘பாக்கலாம்’ என்று ஒரு சொல் எழுதிவிடுங்கள். மற்றதைக் காலம் பார்த்துக்கொள்ளும்.

தங்கள் இல்லாளுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். தங்கள் கூரை ஒழுகாமலும், எங்கள் கூரை அளவோடு ஒழுகியும், இரு குடும்பமும் தழைத்தோங்க இறையருள் துணைநிற்பதாக.

என்றும் தங்கள் பெருங்கொடைக்குக் கட்டுப்பட்ட,
அத்தான்

பின்குறிப்பு: உறையிலிட்டு ஒட்டுவதற்கு முன் நேற்று இம்மடலைத் தங்கள் தமக்கை படித்தாள். படித்துவிட்டு, “எந்த ஒழுகலுங்க?” என்றாள். நான் மேலே காட்டினேன். “அதுவா? டாக்டர் குழாயை மாத்தி வருஷத்துக்கு மேல ஆச்சே! நீங்க குளிக்கச் சொன்னதைக் குத்தல்னு நினைச்சுக்கிட்டு, அடுத்த தடவை நீங்க ஆஸ்பத்திரிக்குப் போன அன்னிக்கே ஆளைக் கூட்டிட்டு வந்துட்டார்” என்றாள். நான் நம்பவில்லை. டாக்டரை அழைத்தோம். நாற்காலிமேல் ஏறித் தடவிக் காட்டினார். வறட்டுத் தூசி என் கண்ணில் விழுந்தது. கறை பரவுகிறதா என்று பார்க்க அந்த வேலையாள் அதைச் சுற்றி ஒரு சுண்ணக்கோடு இழுத்துவிட்டுப் போயிருக்கிறான். இரண்டாம் பாகத்தில் அதற்கு உப்பு மதில் என்று பெயரிட்டு, கடல் அதை உடைத்துப் பாய்ந்ததாக ஒரு முழு அத்தியாயம் எழுதியிருக்கிறேன். கறை அந்தக் கோட்டை ஒரு மயிரிழையும் தாண்டவில்லை. தீபகற்பம் இல்லை. மூழ்கிய ஊர்கள் இருந்த இடத்தில் பூச்சு நன்றாகவே இருக்கிறது. “ஏன் என்கிட்ட சொல்லலை?” என்று தங்கள் தமக்கையைக் கேட்டேன். “தண்ணி ஏறுது, தண்ணி ஏறுதுன்னீங்க. கதையைச் சொல்றீங்கன்னுல்ல நினைச்சேன்” என்றாள்.

ஆகவே, மேலே தங்களுக்குச் சொல்லியுள்ள நன்றிகளில் முதல் பாகத்துக்குரியதை மட்டும் வைத்துக்கொண்டு, மீதியைத் திருப்பி அனுப்பிவிடவும். அதை யாரிடம் சேர்ப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நேற்றிரவு பூசையில் நெடுநேரம் அமர்ந்திருந்தேன், நெஞ்சு அமர்ந்தது. கொத்தனாரைத் திங்கட்கிழமையே அனுப்புங்கள். விளக்கணைக்க வந்த தங்கள் தமக்கை, கட்டிலின் ஓரத்தில் அமர்ந்து, “அப்ப அந்தப் படகு போய்ச் சேருமா, சேராதா?” என்று கேட்டாள். சேரும் என்றேன். மேலே பார்க்கவில்லை.