மலை பேசும் பித்தளைக் குழாய்

மலை பேசுகிறது. எங்கள் ஊரில் இதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. மலைக்கு வாய் எங்கே என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்பதற்கு மலைமொழியாருக்குக் காது இருக்கிறது, அது போதும்.

மழைக்காலம் நெருங்கினால் அவரைத் தங்கள் வீட்டுக்கு அழைத்துப்போக அவர் வாசலில் கூட்டம் அலைமோதும். அவர் பித்தளைக் குழாயைத் தரையில் ஊன்றுவார், காதை வைப்பார், கண்ணை மூடுவார். "இங்க மண்ணு சரியும்" என்பார். ஒரு செம்புக் கம்பி நட்டால் மலை சாந்தமாகிவிடும். கம்பி அவரிடமே கிடைக்கும். கடைக் கம்பிக்கு மலை மசியாது.

போன வருடம் பேக்கரிக்குப் பின்னால் சரியும் என்றார். சரிந்தது. கம்பி நட்டிருந்தார்களே என்கிறீர்களா? கம்பி கொஞ்சம் குட்டையாம். அதற்கு மூன்று மாதம் முன்பே அந்த இடத்தைச் சிவப்பாகக் காட்டிய வரைபடம் ஒன்று நில அளவை அலுவலகத்து அறிவிப்புப் பலகையில் தொங்கியது. யாரும் பார்க்கவில்லை. இலவசமாகக் கிடைக்கும் உண்மைக்கு என்ன மரியாதை?

அந்த வரைபடத்தைப் போடுகிறவள் தையல்காரம்மாவின் தங்கை. சரிவு, மண், மழையளவு, பழைய மண்சரிவுகள் எல்லாவற்றையும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஆபத்தான இடத்துக்குச் சிவப்பும் பத்திரமான இடத்துக்குப் பச்சையும் தீட்டுவது அவள் வேலை. அக்காவின் வீடு அடர்சிவப்பில் விழுந்தது. பிள்ளைகள் இரண்டும் தூங்குவது மலையை ஒட்டிய பின்னறையில்.

"அக்கா, மழைக்கு முன்னாடி என் வீட்டுக்கு வந்துடு."

"நீ கம்ப்யூட்டர்ல கலர் அடிக்கிறே. அவர் மலைகிட்டயே கேட்டுச் சொல்றாரு. செவ்வாய்க்கிழமை வர்றாரு, அவர் சொல்றதுதான்."

ஊருக்கே வரைபடம் போட்டாலும் கூடப்பிறந்தவளிடம் பேச்சு எடுபடாது.

திங்கட்கிழமை காலை தங்கை புது வரைபடம் ஒட்டினாள். அக்காவை நினைத்த பதற்றத்தில் சரிவுக்கான மதிப்பெண்களைத் தலைகீழாகப் போட்டிருந்தாள். செங்குத்தான இடமெல்லாம் பச்சை, சமதளமெல்லாம் சிவப்பு. மூன்று மணி நேரம் கழித்துத்தான் கண்ணில் பட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு அதைக் கழற்றிவிட்டுச் சரியானதை ஒட்டினாள்.

செவ்வாயன்று மலைமொழியார் அக்கா வீட்டுக்கு வந்தார். பின்னாலேயே பாதி ஊர். சரிவில் காதை வைத்துப் புன்னகைத்தார்.

"நிம்மதியாத் தூங்குங்கம்மா. மலை மனசு மாறிடுச்சு. அதுக்கு இப்ப கோபமெல்லாம் விளையாட்டு மைதானத்து மேலதான்."

"மைதானம் தட்டையா இருக்கே, ஐயா?" என்றார் பேக்கரிக்காரர்.

"கோபம் வந்தா மலை மேடு பள்ளம் பார்க்குமா?"

தங்கையின் முகம் வெளுத்தது. பிறகு சிவந்தது. அலுவலகத்துக்கு ஓடிப்போய் ஒரு சுருளை எடுத்துக்கொண்டு வந்து, எல்லாரையும் மைதானத்துக்குக் கூட்டிப்போனாள். நடுவில் ஒரு பந்தை வைத்தாள். பந்து அசையவில்லை. நாலு இடத்தில் மாற்றி வைத்தாள். பேக்கரிக்காரர் குனிந்து ஊதிக்கூடப் பார்த்தார்.

"பந்தே உருளாத இடத்துல எது ஐயா சரியும்?"

"மலை சொன்னதை நான் சொன்னேன்."

அவள் சுருளைப் பிரித்தாள். "மலை சொல்லலை. இதுதான் சொன்னது. நேத்து காலையில மூணு மணி நேரம் பலகையில தொங்கின தப்பான படம். மைதானம் சிவப்பு, அக்கா வீடு பச்சை. தப்பு என்னோடது. அது எப்படி உங்க குழாய்க்குள்ள போச்சு?"

பேக்கரிக்காரர் தலையைச் சொறிந்தார். "தினமும் காலையில பலகை முன்னாடி நிப்பீங்களே ஐயா! காத்து வாங்குறீங்கன்னுல்ல நினைச்சேன்."

"மலையும் சில நேரம் தப்பாப் பேசும்..."

"என் தப்பை நான் மத்தியானமே திருத்திட்டேன். உங்க மலை எப்போ திருத்தும்?"

மலைமொழியாருக்குத் திடீரென்று காது கேட்கவில்லை. அக்கா நேராக வீட்டுக்குப் போய், பிள்ளைகளையும் தையல் மெஷினையும் கிளப்பிக்கொண்டு தங்கை வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

சனிக்கிழமை பகலில் கொட்டிய மழையில் மண் இறங்கியது. அக்கா வீட்டின் பின்னறை இருந்த இடத்தில் ஒரு கதவு மட்டும் நின்றது. அதைப் பார்த்ததும் அக்கா தங்கையைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

மறுநாள் அறிவிப்புப் பலகை முன்னால் பெருங்கூட்டம். ஊர் திருந்திவிட்டது என்று நானும் மகிழ்ந்துபோனேன். முதலில் நின்ற பேக்கரிக்காரர் கண்ணை மூடி, கைகூப்பி, வரைபடத்தைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

"கண்ணைத் திறந்து படிங்க, ஐயா" என்றாள் தங்கை. "நாளைக்கு நான் மறுபடியும் தப்புப் பண்ணினா யாரு கண்டுபிடிக்கிறது?"