டெஸ்ஸி டீச்சரின் எச்சில்

"டீச்சரே, முப்பது காட்டுது."

"பதினஞ்சைத் தாண்டக் கூடாதே!" டெஸ்ஸி நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள்.

கொச்சியில் ஒரு கல்லூரியின் மின்வேதியியல் ஆய்வகம். நாலு வருடம் பாடுபட்டு அவள் உருவாக்கிய கருவி அது. ஒரு சொட்டு எச்சில் விட்டால் போதும், மன அழுத்தம் எவ்வளவு என்று சொல்லிவிடும். அதை ஆஸ்பத்திரியில் நோயாளிகளிடம் சோதிக்க அனுமதி தரலாமா என்று பார்க்க, பன்னிரண்டு மணிக்கு நிபுணர் குழு வருகிறது. இப்போது மணி ஒன்பதரை. சோதனைக்கு விட்டது டெஸ்ஸியின் எச்சில்.

"பவித்ரன் சேட்டா, மின்முனையை மாத்துங்க."

ஆய்வக உதவியாளர் பவித்ரன் மாற்றினார். நாற்பது.

"கரைசல் கெட்டிருக்கும். நானே புதுசா கலக்கறேன்."

கலக்கிய வேகத்தில் பாதி அவள் சுடிதாரில் கொட்டியது. மீதியை ஊற்றிப் பார்த்தார்கள். ஐம்பத்திரண்டு.

"டீச்சரே, ஒருவேளை நீங்கதான் கொஞ்சம் டென்ஷனா..."

"நானா? நான் அமைதியாத்தான் இருக்கேன்!"

அந்தக் கத்தலில் பக்கத்து அறைக்காரர் எழுந்து தன் கதவைச் சாத்திக்கொண்டார்.

"மின்முனையோட மேல்பூச்சையே சுரண்டிட்டுப் புதுசா போடறேன். விடறதா இல்ல."

சுரண்டிப் போட்டுவிட்டு இன்னொரு சொட்டு விட்டாள். எண்பது. அதற்கு மேல் காட்டக் கருவியில் எண் இல்லை.

பன்னிரண்டு மணிக்குக் கதவு திறந்தது. குழுத் தலைவி டாக்டர் திரேசியா, எழுபது வயது, குடையை மடக்கியபடி குழுவினரோடு வந்தார். கேள்வி எதுவும் கேட்காமல் முதலில் தன் எச்சிலை விட்டார். எட்டு. பவித்ரனுடையது பதினொன்று.

"இன்னும் ரெண்டு மாசத்துல ரிட்டயர் ஆகறேன் மேடம்," என்றார் பவித்ரன்.

டெஸ்ஸியுடையது அதே எண்பது.

டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அனுமதி குடுத்தாச்சு, மோளே. போய் நிம்மதியா சாப்பிட்டுட்டு வா."

டெஸ்ஸிக்குக் கண் கலங்கிவிட்டது. கேன்டீனில் கப்பைக்கிழங்கும் மீன்கறியும் இரண்டு தட்டு இறங்கின. நாலு வருடத்தில் அன்றுதான் மீன்கறியில் புளி இருப்பது நாக்குக்குத் தெரிந்தது.

ஒன்றரை மணிக்குத் திரும்பினாள். வாய் கொப்பளிக்கச் சொல்லி, சற்று உட்காரவைத்து, இன்னொரு சொட்டு வாங்கினார் டாக்டர். பதினான்கு! குழுவே கைதட்டியது.

"இறங்குதான்னும் பாக்கணும்ல, மோளே, அதுக்காக அப்படிச் சொன்னேன்," என்றார் டாக்டர் திரேசியா. "அனுமதியைப் பத்தி நாங்க இன்னும் பேசவே ஆரம்பிக்கல."